பழைய டிரக்கின் பிரேக்: டிஸ்க்குக்கு மாறும் முன் பார்க்க வேண்டியவை

உங்கள் டிரக்கில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று வகை (நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஆயில் வழி), ஓட்டுநர் காலடியில் தரைக்குக் கீழே இருக்கிறது. கால் பலத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் கிடையாது. முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது, இரண்டாம் மிதியில்தான் பிடிக்கிறது, பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது. முன்பக்கம் டிஸ்க் பிரேக் மாட்டினால் இதெல்லாம் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த பிரேக் அமைப்பே உங்கள் வண்டிக்குப் போதாதா, இல்லை, இருக்கிற பிரேக் பழுதாகிக் கிடக்கிறதா? நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிகளும் பழுதைத்தான் காட்டுகின்றன. புதிதாக வெளிவந்த நாளில் இந்த வண்டி இப்படி ஓடியிருக்காது.

ஹைட்ராலிக் பிரேக் உள்ள பழைய வண்டிகளில் பல வருடமாக வேலை செய்கிறவன் என்பதால் ஒன்றைத் தைரியமாகச் சொல்லலாம். பழுதான பிரேக்கின் மேல் டிஸ்க்கை ஏற்றினால் பழுது இடம் மாறுமே தவிர போகாது. முதலில் இருப்பதைச் சரியான நிலைக்குக் கொண்டு வாருங்கள். அதன் பிறகும் குறை தெரிந்தால் மாற்றங்களுக்குப் போகலாம். அப்போதும் என் வரிசையில் டிஸ்க் முதலில் வராது.

இரண்டு முறை மிதித்தால் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒரு மிதிக்கு மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயிலின் அளவு மாறாதது. டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால், முதல் மிதியின் ஆயில் முழுவதும் ஷூவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதிலேயே செலவாகிவிடும். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுப்பதற்குள் இரண்டாம் மிதி வந்தால் அது அழுத்தமாக மாறுகிறது. ஆகவே முதல் சந்தேகம் இந்த இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்ட்மென்ட் மேல். லைனுக்குள் காற்று இருந்தாலும் இரண்டாம் மிதியில் பெடல் உயரும். ஆனால் அப்போது கால் பஞ்சை மிதிப்பது போல அமுங்கும். உங்களுக்கு இரண்டாம் மிதியில் பெடல் கெட்டியாக நிற்கிறதா, அமுங்கிக்கொண்டே போகிறதா என்று கவனியுங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை மிதமான பலத்தில் ஒரு நிமிடம் அப்படியே அழுத்திப் பிடியுங்கள். மெதுவாகத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் திரும்பி ஓடுகிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லை, ரிசர்வாயர் மட்டமும் குறையவில்லை என்றால் இரண்டாவதுதான்.

இடப்பக்கம் இழுப்பதைப் பற்றி எழுதும்போது இடது சக்கரத்தில் ஏதோ கோளாறு என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் வலது சக்கரம் சரியாகப் பிடிக்காவிட்டாலும் வண்டி இடப்பக்கம்தான் போகும். சக்கரத்துக்குள் ஷூவைத் தள்ளும் வலது வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவில் இறுகியிருக்கலாம், அதற்கு ஆயில் கொண்டுபோகும் வலது ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம், வலது ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கில் எண்ணெய் பட்டிருந்தால் விஷயம் இன்னும் குழப்பமாகும். எண்ணெய் பட்ட லைனிங் சில நேரம் வழுக்கும், சில நேரம் வெடுக்கென்று கவ்வும். எனவே இழுக்கும் திசையை மட்டும் வைத்து எந்தப் பக்கம் பழுது என்று என்னாலும் சொல்ல முடியாது, நேரில் பார்க்காத யாராலும் சொல்ல முடியாது. இரண்டு டிரம்மையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. அதற்கு முன் இரண்டு முன் டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா, வீல் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பிரேக் மேல் பழி போட்டுப் பிறகு பேரிங்கில் போய் முடிந்த கதைகள் நிறைய.

கழற்றும்போது டிரம் வராமல் முரண்டு பிடித்தால் சுத்தியலால் ஓங்கி அடிக்காதீர்கள். ஷூ தேய்த்த பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வரம்பு நின்றிருக்கும், ஷூ அதில் மாட்டிக்கொள்கிறது. டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் பின் தட்டில் இருக்கும் துவாரம் வழியாக அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் தானாக வரும். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, உங்கள் வண்டியில் எந்தக் காலத்து லைனிங் இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடைத்து, துணியை ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வீல் சிலிண்டர். இரு முனையிலும் இருக்கும் ரப்பர் உறையின் விளிம்பை நகத்தாலோ மழுங்கிய ஸ்குரூ டிரைவராலோ லேசாக விலக்கிப் பாருங்கள். உட்புறம் சற்று ஈரமாக இருந்தால் பரவாயில்லை. ஆயில் தேங்கி நின்றாலோ சொட்டினாலோ அந்த சிலிண்டர் முடிந்தது. உள்சுவரில் துருக் குழி விழுந்திருந்தால் ரப்பர் கிட் மட்டும் மாற்றுவதில் பயனில்லை, புதிய கப்பையும் அந்தக் குழி கொஞ்ச நாளில் கிழித்துவிடும். மாற்றினால் ஒரே அச்சில் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். சக்கரத்தின் கிரீஸ் சீல் கசிந்து ஷூவில் பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டித் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சூடு ஏறினால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். அதை எடுத்தெறிய வேண்டியதுதான்.

லைனிங் தடிமனில் பொதுவான எல்லை இது: ரிவெட் அடித்ததாக இருந்தால் ரிவெட் தலைக்கு மேல் 0.8 மில்லிமீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும், பசையில் ஒட்டியதாக இருந்தால் 1.6 மில்லிமீட்டர். உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு அளவு சொன்னால் அதுவே சரி. டிரம்மில் பெரும்பாலும் அதிகபட்ச உள்விட்டம் வார்ப்பிலேயே பொறித்திருக்கும். லேத்தில் கடைந்த பிறகும் அளவு அதைத் தாண்டாமல், மேற்கொண்டு தேய இடம் விட்டு இருக்க வேண்டும். தாண்டினால் டிரம்மை மாற்றத்தான் வேண்டும். சுவர் மெலிந்த டிரம் சூட்டைத் தாங்காது, விரிசல் விடும். ஒரே அச்சின் இரு டிரம்முக்கும் விட்டம் சமமாக இருக்கட்டும். அது சமமாக இல்லாததே பக்கவாட்டில் இழுப்பதற்கு ஒரு காரணமாகலாம்.

அதிகம் பேர் கவனிக்காமல் விடுகிற ஒரு இடம் பின் தட்டு. ஷூவின் ஓரம் பின் தட்டில் இருக்கும் சில மேடைகளின் மேல்தான் வழுக்கி நகர்கிறது. வருடக்கணக்கில் தேய்ந்து அந்த மேடைகளில் பள்ளம் விழுந்திருக்கும், விரலால் தடவினாலே தெரியும். ஷூ அந்தப் பள்ளத்தில் சிக்கி நின்றுவிட்டு, கால் பலம் கூடியதும் சட்டென்று குதித்துப் போய்ப் பிடிக்கும். அதனால் பிரேக் ஒரே சீராகப் பிடிக்காது. பள்ளத்தை வெல்டிங்கில் நிரப்பி மட்டமாக அரைத்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். புது ஷூ, புது சிலிண்டர் எல்லாம் போட்டும் சரியாகாத வண்டிகள் சில இந்த ஒரு வேலையில் சரியானதைப் பார்த்திருக்கிறேன். மேலே ஒரே ஆணியில் தாங்கி, கீழே அட்ஜஸ்டரால் இணைந்த ஷூ ஜோடியாக இருந்தால் இன்னொன்றும் முக்கியம். அந்த வகையில் முன்பக்க ஷூவுக்குக் குட்டை லைனிங், பின்பக்க ஷூவுக்கு நீள லைனிங். பிடிக்கும் வேலையின் பெரும்பகுதி பின் ஷூவுடையது. ஒரு பக்கம் மட்டும் மாற்றி மாட்டியிருந்தால் வண்டி நிச்சயம் இழுக்கும்.

ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே ஊதிப்போய்த் துவாரம் சுருங்கியிருக்கலாம். கால் பலத்தில் ஆயில் உள்ளே போகும், ஸ்பிரிங் பலத்தில் திரும்பி வராது. அந்தச் சக்கரம் மட்டும் பிரேக் விட்ட பிறகும் இறுகியே சுற்றும், டிரம் கொதிக்கும். அப்படி இறுகியிருக்கும்போது சிலிண்டரில் காற்றை வெளியேற்ற இருக்கும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்திருக்கிறது. மறுபடி மிதித்து இறுகச் செய்து, இந்த முறை ஹோஸுக்கு முன்னால் இருக்கும் இரும்புக் குழாய் இணைப்பைத் தளர்த்துங்கள். இப்போது விடுபடவில்லை என்றால் அடைப்பு ஹோஸில். விடுபட்டால் தவறு அதற்கும் மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். வயது தெரியாத ஹோஸ் என்றால் சோதனையே வேண்டாம், எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். இரும்புக் குழாய்களில் கிளாம்ப் இருக்கும் இடங்களைக் கழற்றிப் பாருங்கள், துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். புதுக் குழாயின் முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கம்ப்ரெஷன் இணைப்பைப் பிரேக் லைனில் போடவே கூடாது.

ஆயில் விஷயம் சுருக்கமாக. டாட் 3, டாட் 4 என்ற பிரேக் ஆயில் வகைகள் இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140. டாட் 4-க்கு 230, 155. ஈரம் ஏறிய ஆயில் நீண்ட இறக்கத்தில் கொதித்து ஆவியானால் பெடல் நேராகத் தரைக்குப் போகும். அந்த ஈரமே சிலிண்டர்களையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றுங்கள். டாட் 5 சிலிகான் வகை, அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. டாட் 5.1 பெயரில் நெருக்கமாக இருந்தாலும் டாட் 3, 4 குடும்பம்தான். லைனில் உள்ள காற்றை வெளியேற்ற ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். பழைய மாஸ்டர் சிலிண்டரை வைத்துக்கொண்டே ஏர் எடுப்பதாக இருந்தால் பெடலைத் தரை வரை அமுக்காதீர்கள். வழக்கமாக கப் போகாத ஆழத்தில் துரு இருக்கும், கப் அங்கே போய்க் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டால் நல்லது.

கடைசியாக அட்ஜஸ்ட்மென்ட். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஷூவை விரிக்க வேண்டும். நன்றாக இறுகியதும் ஒரு முறை பெடலை மிதித்து ஷூவை நடுவில் உட்கார வைத்து, பிறகு லேசான உரசல் சத்தம் மட்டும் கேட்கும் வரை தளர்த்துங்கள். நான்கு சக்கரமும் முடிந்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும். கேபிளை முதலில் இழுத்து வைத்தால் ஷூ தன் இடத்துக்குத் திரும்பாது, அதற்கப்புறம் செய்கிற அட்ஜஸ்ட்மென்ட் எதுவும் சரியாக வராது. புது லைனிங் கடைந்த டிரம்மில் முழுப் பரப்பிலும் ஒட்டிப் பதியக் கொஞ்சம் ஓட வேண்டும். ஆரம்ப நாட்களில் சற்று இழுப்பதும் பெடல் இறங்குவதும் இயல்பு, ஒரு முறை திரும்ப அட்ஜஸ்ட் செய்ய வேண்டி வரும்.

இவ்வளவும் ஆன பிறகு வண்டியை ஓட்டிப் பார்த்தால் டிஸ்க் பற்றிய உங்கள் எண்ணம் மாற வாய்ப்பு அதிகம். நல்ல நிலையில் உள்ள டிரம் பிரேக் காய்ந்த சாலையில் ஒரு முறை அவசரமாக நிறுத்துவதற்குத் தாராளமாகப் போதும், எல்லை வைப்பது டயரின் பிடிப்பு. டிரம் தோற்கும் இடம் வேறு: அடுத்தடுத்து நிறுத்த வேண்டி வரும்போது, நீண்ட இறக்கத்தில், தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் உராய்வும் குறையும். 3,000 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க, பிரேக் ஏறத்தாழ 417 கிலோஜூல் ஆற்றலைச் சூடாக மாற்ற வேண்டும். அதே வண்டி 80-லிருந்து நிற்க 741 கிலோஜூல். வேகத்தை வெறும் 20 கிலோமீட்டர் கூட்டினாலே முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் சூடு. நீங்கள் மலைப்பாதையில் சுமையோடு போகிறவரா, சமதளத்தில் மெதுவாக ஓட்டுகிறவரா என்று எழுதவில்லை. டிஸ்க் தேவையா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

எந்தப் பாதையில் ஓட்டினாலும் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர். இப்போது உங்கள் வண்டியில் ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்தின் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும், கையில் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும். முன்னும் பின்னும் தனித்தனிச் சுற்றாகப் பிரித்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றொன்று வேலை செய்யும். இதைவிடப் பெரிய பாதுகாப்பைத் தரும் மாற்றம் எனக்குத் தெரிந்து இந்த வண்டிக்கு இல்லை. தேர்வு செய்யும்போது சிலிண்டரின் உள்விட்டத்தைக் கவனியுங்கள். 1 அங்குலத்துக்குப் பதில் 1⅛ அங்குலம் போட்டால், அதே கால் பலத்துக்கு அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறையும். பெடல் கெட்டியாகத் தெரியும், ஆனால் வண்டி நிற்காது. விட்டம் சிறியதானால் அழுத்தம் கூடும், பெடல் அதிக தூரம் இறங்கும். இருக்கிற விட்டத்துக்கு நெருக்கமாகவே எடுங்கள். பெடலிலிருந்து வரும் தள்ளு கம்பிக்கும் பிஸ்டனுக்கும் இடையில் மெல்லிய இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் விரியும் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்ப வழியில்லாமல் ஓட ஓட பிரேக் தானே இறுகிக்கொண்டு வரும்.

அடுத்தது டிஸ்க். இதில் நான் பார்க்கும் தொல்லைகள் பெரும்பாலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரில் இருப்பதில்லை, அதைச் சுற்றியுள்ள பொருத்தத்தில்தான் இருக்கின்றன. டிரம் ஷூ, சுழலும் டிரம்மோடு தன்னையே உள்ளே இழுத்துக்கொண்டு பிடிப்பைக் கூட்டும். டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது, அதனால் அதிக அழுத்தம் தேவை, ஆகவே பெரும்பாலும் பூஸ்டர் தேவை. பூஸ்டர் இல்லாத வண்டியின் பெடல் நெம்பு விகிதம் சுமார் 6-க்கு 1, பூஸ்டர் உள்ளவற்றில் சுமார் 4-க்கு 1. விகிதத்தை மாற்றாமல் பூஸ்டர் மாட்டினால் கால் பட்டாலே வண்டி குத்திக்கொண்டு நிற்கும். டீசல் எஞ்சினாக இருந்தால் பூஸ்டருக்குத் தேவையான வெற்றிடத்துக்குத் தனியாக வேக்வம் பம்ப் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் டிரம்முக்காக இருக்கும் சுமார் 10 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) எஞ்சிய அழுத்த வால்வை, அதாவது பெடலை விட்ட பிறகும் லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பதை, டிஸ்க் லைனில் விட்டுவைத்தால் டிஸ்க்கை அழுத்தும் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துவிட வேண்டும். அதே சமயம் உங்கள் மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே, காலிபரைவிடத் தாழ்வாக இருந்தால் ஆயில் பின்னோக்கி வடியாமல் இருக்க முன் லைனில் 2 பிஎஸ்ஐ வால்வு போட வேண்டும். இந்த ஒரு சின்ன வால்வை விட்டுவிட்டு, நிறுத்தி வைத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் முதல் மிதியில் பெடல் கீழே போகிறது என்று தவிக்கிறவர்கள் உண்டு.

முன்னும் பின்னும் பிடிப்பு சமநிலையில் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். முன் சக்கரம் முதலில் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது, ஆனால் வண்டி நேராகப் போகும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். சுமை இல்லாத டிரக்கின் பின்பக்கம் லேசாக இருப்பதால் இந்த ஆபத்து அதிகம். முன் டிஸ்க், பின் டிரம் என்று ஆனதும் பின் லைனில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு வேண்டும். அதை வெற்று வண்டியிலும் சுமையோடும், ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் குறைந்த வேகத்தில் சோதித்துத்தான் நிலைநிறுத்த வேண்டும். கண்ணால் பார்த்து வைக்கிற அளவு கிடையாது இது. முடிந்தால் தனித்தனி உதிரிகளைச் சேர்க்காமல், அதே நிறுவனத்தின் பிற்கால மாடலிலிருந்து ஹப், காலிபர், பெடல், பூஸ்டர் எல்லாம் ஒரே குடும்பமாக எடுத்துப் போடுங்கள். அந்தப் பொருத்தத்தை வடிவமைத்தவர்கள் ஏற்கெனவே கணக்குப் போட்டிருப்பார்கள். சக்கர ரிம்மில் காலிபர் இடிக்குமா என்று வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். பிரேக் மாற்றத்துக்கு உங்கள் பகுதியில் ஆய்வோ அனுமதியோ தேவையா என்றும் விசாரியுங்கள்.

நான் சொன்னதெல்லாம் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மட்டும். இதைப் படிக்கிற வேறு யாருடைய வண்டியிலாவது ஏர் பிரேக் இருந்தால் இந்த முறைகள் பொருந்தாது. ஸ்பிரிங் பிரேக் சேம்பருக்குள் இறுக்கிச் சுருட்டிய ஸ்பிரிங் இருக்கிறது. அதைத் திறந்தவர்கள் உயிரை விட்டிருக்கிறார்கள். அந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

பிரேக் சரியாகும் வரை உங்கள் வண்டியைச் சாலையில் எடுக்க வேண்டாம். இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும் பிரேக், ஒரு முறை மிதிக்க மட்டும் நேரம் இருக்கும் நாளில் உதவாது. முன் சக்கரங்கள் இரண்டையும் கழற்றி, இரு பக்க வீல் சிலிண்டர்களின் உறைக்குள் என்ன இருக்கிறது, லைனிங் எவ்வளவு மிச்சம், டிரம்மின் உள்விட்டம் இரு பக்கமும் எவ்வளவு, மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் என்ன என்று அளந்து எழுதுங்கள். எஞ்சின் பெட்ரோலா டீசலா, வழக்கமாக எவ்வளவு சுமை, எந்த மாதிரிப் பாதை என்பதையும் சேர்த்துச் சொன்னால் அடுத்து எதை மாற்றுவது என்று குறிப்பாகவே பதில் சொல்ல முடியும்.